சலுகை யாருக்கு? சான்று யாருக்கு?

முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களைப் பார்த்து, "நம்ம வரிப்பணத்துல உட்கார்ந்து சாப்பிடுதுங்க" என்று சொல்பவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த நம் மக்களோடு வேலை செய்வதால், இந்தப் பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் வரி. பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் 60 வயது கடந்த ஒருவர் மாதம் 25,000 ரூபாய் வரை கட்டித் தங்கினால், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2018 ஜூலையில் வந்த விலக்கு இது. பழைய வருமானவரி முறையில் மூத்த குடிமக்களுக்கு 3 லட்சம் வரை வரியில்லை. வைப்புத்தொகை வட்டியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. இவை தவறு என்று நான் சொல்லவில்லை. முதுமைக்குச் சலுகை வேண்டும். ஆனால் இந்தச் சலுகைகளைப் பெறும் யாரிடமும், "உங்களுக்கு மகன் இருக்கிறானா?" என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

இனி உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. இதில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாய்தான். இதைப் பெற, தான் ஆதரவற்றவர் என்று மனுதாரர் நிரூபிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பிப் பழம் பறித்தவர். வேலை நின்றதும் லைன் வீடும் போனது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தினக்கூலி. பாட்டி இப்போது இலவச இல்லம் ஒன்றில் இருக்கிறார். ரேஷன் கார்டில் பெயர் மகனோடு. ஆதாரில் முகவரி பழைய லைன் வீடு. தேய்ந்த விரல் ரேகை கருவியில் பதிவதில்லை. மகன் இருப்பதைக் காரணம் காட்டி மனு இரண்டு முறை திரும்பி வந்தது. "நான் அநாதைன்னு எழுதிக் குடுக்கணுமா கண்ணு? எம்புள்ள உசுரோட இருக்கானே" என்று கேட்டார்.

இந்தப் பாட்டி வரி கட்டாதவரா? அவர் வாங்கிய குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி, இப்போது 5. பங்களா முதலாளிக்கும் அதே விகிதம்தான். ஆதரவற்றவர் என்று சான்று கேட்கும் அரசு, வரி வாங்கும்போது எந்தச் சான்றும் கேட்பதில்லை.

காகிதம் இல்லாததற்கும் சாதிக்கும் தொடர்பு உண்டு. நிலம் மறுக்கப்பட்டதால்தான் நம்மவர்கள் தோட்டக்கூலி ஆனார்கள். கூலிக்குப் பதிவேடு இல்லாதவருக்குப் பி.எஃப். இல்லை; 2014 முதல் நடைமுறையில் உள்ள 1,000 ரூபாய் குறைந்தபட்ச பி.எஃப். ஓய்வூதியமும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பதிவே செய்யப்படாத உழைப்புக்கு, முதுமையில் ஆவணம் கேட்கிறார்கள்.

அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு முதுமையில் அரசின் உதவி பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 வறிய முதியோர் தங்கும் அளவில் இல்லம் அமைக்க மாநில அரசுக்கு வழிசெய்கிறது. இவற்றைத் தெரிந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள், தோழர்களே. மனு எண்ணைக் குறித்து வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ரேகை பதியாவிட்டால் கருவிழிப் பதிவு கேளுங்கள். அங்கே முடியாவிட்டால், திங்கட்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அந்தப் பாட்டியால் தனியாகப் போக முடியாது. கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.