பணக்கார ஊரில் ஒரு கொலை

நியூயார்க்கிலிருந்து ஒரு மணி நேரம் ரயிலில் போனால் கிரீனிச் வரும். ஹெட்ஜ் ஃபண்ட் கம்பெனிகள் குவிந்து கிடக்கும் ஊர் என்று காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குள்ளேயே பெல் ஹேவன் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம், தனியார் சாலைகள், வாசலில் காவலாளி. அங்கே போய்விட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பித்தான் மாக்ஸ்லி குடும்பம் 1974ல் கலிபோர்னியாவிலிருந்து வந்து குடியேறியது. அப்பா டச் ராஸ் என்ற ஆடிட்டிங் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். (இன்றைய டெலாய்ட்டுக்குள் கலந்துவிட்ட அதே டச் ராஸ்தான்.)

1975 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தைய இரவு. பிள்ளைகள் தெருவில் இறங்கிக் குறும்பு செய்யும் நாள். 15 வயது மார்த்தாவும் போனாள், திரும்பவில்லை. மறுநாள் மதியம் சொந்த வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் பிணமாகக் கிடந்தாள். அடித்த கோல்ஃப் மட்டை துண்டு துண்டாக உடைந்திருந்தது. பிடி மட்டும் கிடைக்கவேயில்லை.

அந்த மட்டை அருகிலிருந்த ஸ்கேக்கல் வீட்டு செட்டைச் சேர்ந்தது. ஸ்கேக்கல் என்றால் சாதாரணக் குடும்பமா? ராபர்ட் கென்னடியின் மனைவி எத்தலின் அண்ணன் வீடு. போலீஸ் வாரண்ட் வாங்கி அந்த வீட்டைச் சோதனை போடவில்லை. அனுமதி கேட்டு மரியாதையாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். சில மாதங்களில், 1976 தொடக்கத்தில், அந்த ஒத்துழைப்பும் நின்றுபோனது. சந்தேகம் வருடக்கணக்கில் யார் தலையில் விழுந்தது தெரியுமா? அன்றைக்குத்தான் அந்த வீட்டில் தங்கிப் பாடம் சொல்ல வந்து சேர்ந்த ஒரு வாத்தியார் மேல். அவர் மேல் கடைசி வரை வழக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நிம்மதி போனது போனதுதான்.

1991ல் வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். இங்கே ஒரு வேடிக்கை. மகன்கள் நிரபராதி என்று காட்ட, அப்பா ஸ்கேக்கல் காசு கொடுத்துத் தனியார் துப்பறிவாளர்களை வைத்தார். அவர்களிடம் பிள்ளைகள் பழைய வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னார்கள். அந்த அறிக்கை வெளியே கசிந்துவிட்டது! 2000ல் மகன் மைக்கேல் கைது. கொலை நடந்தபோது அவருக்கும் வயது 15தான். 2002ல் 20 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. கைரேகையோ டி.என்.ஏ.வோ கிடையாது. ஒரு சீர்திருத்தப் பள்ளியில் கூட இருந்தவர்கள், 'எங்களிடம் ஒப்புக்கொண்டான்' என்று சொன்ன சாட்சியம்தான் முக்கியம்.

11 வருடம் உள்ளே இருந்தார். வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று 2013ல் ஒரு நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். 2016ல் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018ல் அதே நீதிமன்றம் அதே 4-3ல் ரத்து செய்தது! அவர் வேறிடத்தில் இருந்ததைச் சொல்லக்கூடிய சாட்சியை வக்கீல் தேடவில்லையாம். நியாயமான குறைதான். ஆனால் இதே குறை உள்ள ஏழைக் கைதிகள் எத்தனை பேர்? இத்தனை வருடம் கோர்ட் படியேற அவர்களிடம் காசு ஏது? 2020 அக்டோபர் 30, சரியாக 45 வருடம் கழித்து, மறு விசாரணை இல்லை என்று அரசுத் தரப்பு கைவிட்டது. சட்டப்படி இன்று மார்த்தாவைக் கொன்றது யாருமில்லை. மைக்கேல்தான் என்று நம்பிய அம்மா டார்த்திக்கும் பதில் இல்லை, இல்லவே இல்லை என்று சொல்லிவரும் மைக்கேலுக்கும் முழு விடுதலை இல்லை.

இந்த வழக்கைப் பற்றிப் புத்தகம், நாவல், டிவி படம் என்று எத்தனையோ வந்துவிட்டன. அதே கிரீனிச்சில் 1984 ஆகஸ்ட் கடைசியில் மாத்யூ மார்கோலிஸ் என்ற 13 வயதுப் பையன் பைரம் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனான். சில நாள் கழித்துக் காட்டுக்குள் உடல் கிடைத்தது. அது மாளிகைகளிலிருந்து தள்ளி, சாதாரணக் குடும்பங்கள் இருக்கும் பக்கம். 2024ல் 40 வருடம் முடிந்தபோதும் அதில் ஒருவர்கூடக் கைதாகியிருக்கவில்லை.