ஏற்றமும் இன்பமும்

சுன்னாகத்தில் மலை இல்லை. அயலிலுள்ள கீரிமலைக்கும் பெயரில் மட்டுமே மலை உண்டு. சோளகம் வீசும் நாட்களில் காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணம் நோக்கித் துவிச்சக்கரவண்டி மிதித்த நமக்கு எதிர்காற்றே ஏற்றமாக இருந்தது.

அத்தகைய நாம் ஒருமுறை கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு மிதித்தேறினோம். காற்றோடு மல்லாடிய உழைப்பு காற்றோடே போய்விடும். மலையிலோ, கடந்துவந்த வளைவுகள் யாவும் காலடியில் கிடக்கின்றன. பட்ட பாடு உயரமாகக் கண்முன் நிற்கின்றது. ஏறுவோர் ஏற்றத்தை விரும்புவது இதனாற்றான்.

ஆனால் அதே சரிவில் கொழுந்துக் கூடை சுமந்து பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் அவ்வின்பத்தை நாம் காணவில்லை. 1990 முதல் நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளின்றி, விறகையும் நோயாளரையும் துவிச்சக்கரவண்டியில் ஏற்றி மிதித்த நம்மவர் முகத்திலும் அது இருக்கவில்லை.

வியர்வை ஒன்றுதான். எனினும் நாம் விரும்பி ஏறினோம். களைத்தபோது இறங்கி நின்றோம். அப்பெண்கள் நின்றால் கொழுந்தின் நிறை குறையும், கூலியும் குறையும். நிற்கும் உரிமை அவர்களுக்கும் கிட்டும்வரை, மலையுச்சியில் நாம் அடைந்த மகிழ்ச்சி அரை மகிழ்ச்சியே.