ஏம்பலம் சாலையில் ஒரு பழைய பிக்கப்

வில்லியனூரிலிருந்து தெற்கே ஏம்பலம் பக்கம் போகிறவர்களுக்கு எல்லைப் பலகைகள் புதிதல்ல. ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்கள் இப்படித் துண்டு துண்டாகக் கிடந்தன. 1954 நவம்பர் 1-ல் அவை இந்திய நிர்வாகத்துக்கு வந்த பிறகும் எல்லைகள் அப்படியே நின்றுவிட்டன. வயலுக்கும் வாய்க்காலுக்கும் அந்த எல்லை தெரியாது. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. நெல், கரும்பு, சவுக்கு, இடையிடையே கத்தரி, வெண்டை என்று இந்தப் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு சரக்கு வண்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த வண்டி பெரும்பாலும் பழைய பிக்கப்தான். விடியற்காலையில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் காய், அறுவடைக் காலத்தில் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல், திரும்பும்போது உர மூட்டை. ஏம்பலத்து விவசாயி ஒருவரின் பிக்கப்பில் ஸ்டீயரிங் வீல் விரிசல் விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. களத்து மேட்டில் வெயிலில் நின்று நின்று, மேலே இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் சுருங்கி வெடித்தது. அவர் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கத்தரிக்காய் லோடோடு வாய்க்கால் ஓரத்து வளைவில் திருப்பும்போது, வீல் கைக்குள்ளேயே நெளிந்தது. சமாளித்து ஓரம் கட்டினார். ஓரடி தள்ளியிருந்தால் வண்டி வாய்க்காலில்தான்.

வில்லியனூரில் மெக்கானிக் முதலில் டியூபை உரித்தார். "அண்ணே, மேல் பிளாஸ்டிக் மட்டும் வெடிச்சிருந்தா பூசி ஓட்டலாம். இது உள்ள இருக்கிற கம்பியே துருப்பிடிச்சு, பற்ற வைச்ச இடத்துல விட்டுருக்கு" என்றார்.

"ஒரு வெல்டிங் வைச்சுக் குடுத்துடு தம்பி, மார்க்கெட் நாளு."

"வைக்க மாட்டேன்ணே. நீங்க லோடோட போறவரு."

அவர் சொன்னது சரி. விரிசல் எங்கே என்பதுதான் கேள்வி. வளையத்தின் மேல்தோலில் மட்டும் என்றால் எபாக்ஸி பசை வைத்து, தேய்த்து, உறை மாட்டலாம். உள் கம்பி, கை, நடுக் குடம் ஆகிய மூன்றில் எதில் விரிசல் இருந்தாலும் வீலை மாற்றத்தான் வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த வீல் ஒன்று பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் நடுத் துளையில் உள்ள பற்கள் தண்டின் பற்களோடு சேரவில்லை. அடித்து ஏற்றினால் பல் மழுங்கி, ஓடும்போது வீல் சும்மா சுற்றும். வண்டியின் மாடலும் வருடமும் சொல்லி, அதற்கு உரியதையே வாங்க வேண்டியிருந்தது.

மாற்றும் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். முன்சக்கரம் இரண்டையும் நேராக நிறுத்தினார். ஹார்ன் மூடியை எடுத்து, ஒயரை விடுவித்தார். தண்டிலும் வீலிலும் ஒரே கோடாக அடையாளம் கீறினார். நடு நட்டைத் தளர்த்தி, முழுதும் கழற்றாமல் சில மரை விட்டு வைத்தார். வீல் திடீரென்று பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்காமல் இருக்கத்தான் அது. பிறகு புல்லர் போட்டு இழுத்தார். சுத்தியலால் தட்டுவது பல இடங்களில் வழக்கம். அப்படித் தட்டினால் உள்ளே பேரிங்கும் தண்டும் கெடும். புது வீலை அதே அடையாளத்தில் வைத்து, நட்டை டார்க் ஸ்பேனரால் இறுக்கினார். ஏர்பேக் உள்ள புது வண்டிகளில் இந்த வேலையைச் சாலையோரக் கடையில் செய்யவே கூடாது.

மாட்டிய பிறகும் வீலை இரு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் அசைவதற்கு முன்பே வீல் அதிகமாக ஆடியது. மத்திய மோட்டார் வாகன விதி 98-ன்படி இந்த ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. டை ராடு முனை தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினார். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அங்கே ஸ்டீயரிங்கையும் பார்ப்பார்கள். அதற்காக மட்டும் சரிசெய்கிறவர்கள், மீதி நாளும் அதே வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறோம் என்பதை நினைக்க வேண்டும்.

அன்றைய கத்தரிக்காய் வில்லியனூரிலேயே குறைந்த விலைக்குப் போனது. மறுநாள் விடியலில் வண்டி மறுபடி லோடு ஏற்றியது. ஹார்ன் அடிக்கிறதா, திருப்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானே அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கிளப்பினார். இப்போது களத்தில் நிறுத்தும்போது வீல் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைக்கிறார். விதை மூட்டையை வெயிலில் விடாதவர், வண்டியையும் நிழலில் நிறுத்தப் பழகிக்கொண்டார்.