பார்த்ததற்கும் கூலி

டிவிடி டிரைவ் இல்லாத மெக்புக் ஏரை ஆப்பிள் 2008 இல் வெளியிட்டது. மற்றக் கம்பனிகளும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. பதுளையில் லெப்டொப் திருத்துகிறவர்களுக்கு மட்டும் அந்த டிரைவோடு இன்னும் கணக்குத் தீரவில்லை. தோட்டத்து வீடுகளில் மகளின் சடங்கும் மகனின் கல்யாணமும் டிவிடியாகத்தான் அலுமாரியில் இருக்கின்றன. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் லெப்டொப்புகளிலும் பல, டிரைவ் உள்ள பழைய மொடல்கள்.

நான் போயிருந்த கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மாடியில். திருத்துகிறவர் முப்பதைத் தாண்டியவர். லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா பையோடு வந்து நின்றார். கரண்ட் போய் வந்ததிலிருந்து விண்டோஸ் திறக்கவில்லை. வேறோர் இடத்தில் டிவிடியிலிருந்து மறுபடி ஏற்றப் பார்த்திருக்கிறார்கள், டிரைவே தெரியவில்லையாம்.

"புதுசு மாத்தணும்னு சொல்லிட்டாங்க தம்பி. எவ்வளவு வரும்?"

"பாக்காம சொல்ல மாட்டேன்க்கா. உக்காருங்க."

முதலில் லெப்டொப்பை ஓன் பண்ணி டிரைவின் பட்டனை அமுக்கினார். தட்டு வெளியே வந்தது. "டிரைவுக்குக் கரண்ட் போகுது" என்றார் என்னிடம். கரண்ட் போகாவிட்டால் தட்டு அசையாது; முகப்பிலுள்ள சின்ன ஓட்டையில் கம்பி விட்டுத்தான் திறக்க வேண்டும். அடுத்து, ஓன் பண்ணும்போதே எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் போனார். ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இருந்தது, டிரைவின் பெயர் இல்லை. விண்டோஸ் எழும்புவதற்கு முந்திய இடம் அது. அங்கே பெயர் தெரிந்து விண்டோஸில் மட்டும் காணாமல் போனால் குற்றம் மென்பொருளில். பெயர் தெரிந்தும் டிஸ்க்கிலிருந்து கிளம்பாவிட்டால் பூட் வரிசையையோ, யூஇஎஃப்ஐ - லெகசி அமைப்பையோ, டிஸ்க்கின் கீறலையோ, லென்ஸின் தூசியையோ பார்க்க வேண்டும். பெயரே இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியதுதான்.

பெட்டரியைக் கழற்றி, அடிப்பக்கத்து ஒற்றை ஸ்க்ரூவையும் எடுத்ததும் டிரைவ் இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பின்புறம் சாட்டா இணைப்பு: தகவலுக்கு ஏழு தொடுமுனை, மின்சாரத்துக்கு ஆறு. மின்சாரம் 5 வோல்ட். டோர்ச் அடித்துக் காட்டினார். தகவல் பக்கம் இரண்டு முனைகளில் பச்சை படிந்திருந்தது. தட்டு திறந்தும் பெயர் வராததன் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பசறைப் பக்கத்து நமுனுகுலைச் சரிவில் பனியும் மழையும் லயத்துச் சுவர் வழியே உள்ளே வரும். பரணில் கிடக்கும் லெப்டொப் மாதக்கணக்கில் ஈரம் குடிக்கும்.

அவர் உடனே துடைக்கவில்லை. மேசையிலிருந்த நல்ல டிரைவொன்றை அதே இடத்தில் செருகிப் பார்த்தார். பெயர் வந்தது, ஆக, போர்டில் கோளாறில்லை. பிறகுதான் பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டு முனைகளைச் சுத்தம் செய்து, காயவிட்டு, பழைய டிரைவையே பொருத்தினார். பயோஸில் அதன் பெயரும் வந்தது. விண்டோஸ் ஏறத் தொடங்கியது.

"இன்னொரு வகையும் வரும்" என்று சிரித்தார். உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் டிரைவ் தெரியவில்லை என்று கொண்டு வந்தானாம். இழுத்துப் பார்த்தால் உள்ளே டிரைவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் அதை எடுத்துவிட்டு, இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வைக்கும் கேடியைப் போட்டு, பழைய முகப்பை மட்டும் ஒட்டியிருந்தார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றாமல் யார் புதிது வாங்கச் சொன்னாலும் அந்தக் காசு வீண்.

இங்கே அந்தக் காசு சின்னதல்ல. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாய், 2024 இல் அதன் அடிப்படைத் தொகை 1350. அதற்கிடையில், 2022 இல், சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. இறக்குமதிச் சாமான் எல்லாம் எகிறியது. அன்று முதல் செத்த லெப்டொப் எதையும் அவர் வீசுவதில்லை. அவற்றின் டிரைவ்களை 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் எனத் தடிப்பு வாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார். இணைப்பு ஒன்றுதான் என்றாலும், தடிப்பு மாறினால் பள்ளத்தில் உட்காராது.

கூலி சொன்னதும் அம்மா தயங்கினார். "ஒண்ணும் மாத்தலையே தம்பி?"

"மாத்த வேணாம்னு கண்டுபிடிச்சதுக்குத்தான்க்கா."

அம்மா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொழுந்து பறிக்கிறவருக்கு இது புரியாமல் போகாது. எந்தத் தளிரைக் கிள்ளுவது, எதை விடுவது என்ற விரல் அறிவை எந்தத் தராசும் நிறுப்பதில்லை. கிலோ மட்டுமே கணக்கில் ஏறும். திருத்தும் கடைகளிலும் அதே நியாயம்தான்: பாகத்துக்கு விலையுண்டு, பார்த்தறிவதற்கு இல்லை. அதனால்தான் பாகம் மாற்றுவது பல இடங்களில் முதல் மருந்தாகிவிட்டது. சோதனைக் கூலியைப் பில்லில் தனி வரியாக எழுதுகிறார் இவர். அதைக் கொடுக்க நாம் பழகினால், தேவையில்லாத பாகத்துக்குக் கொடுப்பது குறையும்.