மாற்று லைன் உயிரோடு இருக்கிறதா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெசேஜும் ரேக் போட்டோக்களும் பார்த்தேன். "ரெண்டு ஃபைபர் போட்டாச்சுக்கா, இனி கவலையே இல்லை" என்று எழுதியிருந்தாய். எனக்கு அதைப் படித்த பிறகுதான் கவலை வந்தது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், ரேக் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் நீ ரேக்கில் மாட்டியிருக்கிற அந்த மீடியா கன்வர்ட்டர் பெட்டி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் காப்பர் போர்ட் ஒன்று, மறுபக்கம் எஸ்எஃப்பி போடுகிற இரண்டு துளைகள். முதல் ஃபைபர் அறுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இரண்டாவதுக்கு மாறிவிடும். மில் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. இரண்டு ஃபைபரும் போனால்தான் காப்பர் போர்ட் கீழே இறங்கும். ஒன்று மட்டும் போனால் உன் சுவிட்சுக்கு எந்த மாற்றமும் தெரியாது, பில்லிங் ஓடும், சிசிடிவி ஓடும், எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்டாண்ட்பை கேபிளை எலி கடித்துப் பல மாதம் ஆகியிருந்தது. சாக்கடை வேலைக்கு வந்த ஜேசிபி மெயின் கேபிளை இழுத்த அன்றுதான் அது வெளியே வந்தது. காற்றில்லாத ஸ்டெப்னியை நம்பி மலை ஏறின கதை. மாற்று லைன் போடுவது பாதி வேலைதான். அது உயிரோடு இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதுதான் மீதி.

இப்போது உன் போட்டோவுக்கு வருகிறேன். மூன்றாவது படத்தில் இரண்டு கருப்பு கேபிளும் சுவரில் ஒரே பைப் வழியாக உள்ளே வருகின்றன. வெளியே எப்படிப் போகிறது? ஒன்று சாலையோர டக்ட், மற்றது ஈபி போஸ்ட் என்று கான்ட்ராக்டர் சொன்னதாகச் சொன்னாய். வழியில் இருக்கிற ஓடைப் பாலத்தில் என்ன செய்திருக்கிறார்கள்? பெரும்பாலும் பாலத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே குழாயில் விட்டிருப்பார்கள், அவர்களுக்கு அது சுலபம். அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2001 ஜூலை 18-ஆம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் ஹோவர்ட் தெரு ரயில் சுரங்கத்தில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் ஃபைபர் அந்த ஒரே சுரங்கம் வழியாகத்தான் போயிருந்தது. வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும் பாதை ஒன்றுதான், எல்லாமே சேர்ந்து அடி வாங்கியது. அதனால் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு ரூட்டையும் நீயே போய்ப் பார். கான்ட்ராக்டர் கொடுக்கிற வரைபடத்தை நம்பாதே.

அடுத்தது கணக்கு. உன் எஸ்எஃப்பி 1310 நானோமீட்டர், 10 கிலோமீட்டர் வகை. எல்எக்ஸ்10 தரப்படி அனுப்பும் சக்தி குறைந்தபட்சம் மைனஸ் 9 டிபிஎம், வாங்குகிற பக்கம் மைனஸ் 19.5 வரை தாங்கும். அதாவது கையில் 10.5 டெசிபெல் இருக்கிறது. ஆபீஸிலிருந்து புது யூனிட்டுக்குத் தூரம் 4 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.35 என்றால் 1.4 போகும். வழியில் கனெக்டர் நாலு, ஒவ்வொன்றுக்கும் 0.5 என்று தாராளமாகவே வைத்தால் 2. ஸ்ப்ளைஸ் நாலைந்து இருந்தால் அரை டெசிபெல். மொத்தம் 4-ஐத் தாண்டக் கூடாது. எதிர்ப் பக்கம் மைனஸ் 6-இல் அனுப்பினால் உன் பக்கம் மைனஸ் 10 வர வேண்டும். மைனஸ் 15 வந்தாலும் லிங்க் லைட் பச்சையாகத்தான் எரியும், பிங்கும் போகும். ஆனால் 5 டெசிபெல் எங்கோ தொலைந்திருக்கிறது. 3 டெசிபெல் போனாலே வெளிச்சம் பாதியாகிவிடும் என்பது உனக்குத் தெரியும். பச்சை லைட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதே.

தொலைந்தது எங்கே என்று தேடினால் பத்தில் எட்டு முறை அழுக்குதான். சிங்கிள்மோட் ஃபைபரில் வெளிச்சம் போகிற உள்மையம் வெறும் 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. உன் ஆட்கள் கனெக்டரைச் சட்டை நுனியில் துடைக்கிறார்கள் என்றால் அன்றே நிறுத்து, க்ளீனர் பேனா ஒன்று வாங்கு. பிறகு, முதல் படத்தில் மஞ்சள் பேட்ச் கார்டைச் சுருட்டிக் கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறாயே, அதை வெட்டி எறிந்துவிட்டு வெல்க்ரோ போடு, சுருள் அகலமாக இருக்கட்டும். பச்சை கனெக்டரையும் நீலக் கனெக்டரையும் சேர்த்துச் சொருகாதே, முனை வெட்டு வேறு. எஸ்எஃப்பிக்குள் கண்ணை வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவே கூடாது. 1310 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

"80 கிலோமீட்டர் எஸ்எஃப்பி போட்டால் இன்னும் பவர்தானே?" என்று வென்டர் கேட்டதாக எழுதியிருந்தாய். கேட்டவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. 4 கிலோமீட்டருக்கு அதைப் போட்டால் எதிர் ரிசீவர் திணறும், சில சமயம் எரிந்தே போகும். அதுதான் வேண்டுமென்றால் நடுவில் அட்டென்யுவேட்டர் போட வேண்டும். தேவையில்லாத செலவு.

கண்காணிப்புக்கு வருகிறேன். எஸ்எஃப்பியில் டிடிஎம் இருந்தால் ஐந்து விஷயம் சொல்லும்: வெப்பநிலை, வோல்டேஜ், லேசர் பயஸ் கரன்ட், அனுப்பும் பவர், வாங்கும் பவர். வாங்கும் பவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீ பயஸ் கரன்டையும் பார். லேசர் கிழடாகும்போது அதே வெளிச்சத்தைத் தர அதிகக் கரன்ட் கேட்கும்; பவர் அப்படியே இருக்க, பயஸ் மட்டும் மெல்ல ஏறும். அதுதான் சாகப் போகிற எஸ்எஃப்பி முன்கூட்டித் தருகிற தகவல். ஜாபிக்ஸோ லிப்ரென்எம்எஸோ எதுவானாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிராஃப் போடு.

அலாரம் அளவை மட்டும் கம்பெனி கொடுத்தபடி விடாதே. அது எஸ்எஃப்பியின் எல்லை, உன் லைனின் எல்லை இல்லை. போட்ட அன்றைக்கு வந்த எண்ணிலிருந்து 2 டெசிபெல் குறைந்தாலே சத்தம் போட வேண்டும். பெட்டி தானாக அனுப்புகிற எஸ்என்எம்பி ட்ராப்பை மட்டும் நம்பியிருக்காதே. அது யூடிபியில் போகிறது, வழியில் தொலைந்தால் கேட்பாரில்லை. லைன் போனதைச் சொல்ல வேண்டிய ட்ராப் அந்த லைன் வழியாகவே வர வேண்டியிருந்தால் இன்னும் கேவலம். போலிங்கும் வேண்டும், ட்ராப்பும் வேண்டும். இன்னொன்று: நீ அனுப்புகிற கோர் மட்டும் அறுந்தால் உன் பக்க எண் நன்றாகவே இருக்கும், எதிர்ப் பக்கத்தில்தான் வெளிச்சம் இருக்காது. இரண்டு முனையும் பார்க்க வேண்டும். பெட்டியில் 802.3ஏஎச் வசதி இருந்தால் "டையிங் காஸ்ப்" என்று ஒன்று உண்டு. கரன்ட் போகும்போது மிச்சமிருக்கும் சொட்டு மின்சாரத்தில் கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுச் சாகும். புது யூனிட்டில் ஃப்யூஸ் போனதா, ஃபைபர் போனதா என்று தெரியாமல் ராத்திரியில் ஆள் அனுப்பும் வேலை மிச்சம்.

மெயின் லைன் சரியானதும் உடனே திரும்பி வர விடாதே. காற்றில் ஆடுகிற ஜாயின்ட் ஒன்று இருந்தால் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் காத்திருக்க வை, இல்லை நீயே கையால் திருப்பு. பெட்டியின் பவர் அடாப்டர் இரண்டும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இருக்கின்றன, அதையும் பிரி. ஒன்று யூபிஎஸ்ஸில், ஒன்று வேறு லைனில். பெட்டியே செத்தால் என்ன என்று உன் மேனேஜர் கேட்டால் உண்மையைச் சொல்: இது கேபிள் அறுவதற்குத்தான் காவல், தனக்குத் தானே காவல் இல்லை. அதற்கு இரண்டு சுவிட்சும் எல்ஏசிபியும் வேண்டும், அடுத்த வருஷ பட்ஜெட்டில் கேட்கச் சொல்.

வார விடுமுறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, பிங் ஓடவிட்டு, மெயின் கேபிளை உருவிப் பார். பிறகு ஸ்டாண்ட்பையை உருவு. பிறகு ஒற்றைக் கோரை மட்டும். ஒவ்வொரு முறையும் உன் போனுக்கு அலாரம் வந்ததா என்று பார். பிங் விட்டதா என்பது அதற்கு அப்புறம். "மெயின் போய்விட்டது, வேலை ஓடுகிறது" என்கிற அலாரத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே, அந்த நேரத்தில் உன்னிடம் இருப்பது ஒரே லைன்தான்.

அம்மா நீ சாப்பிடுவதே இல்லை என்று புலம்புகிறாள், அதை நீயே பேசிக்கொள். எனக்கு வேண்டியது இரண்டு லைனுக்கும், இரண்டு முனையிலும் வாங்கும் பவர், மொத்தம் நாலு எண். வென்டருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்னால் அனுப்பு.

அன்புடன்,
அக்கா