கேள்விக்கு மைக் இல்லை

டாடா ஏஸ் வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டால் அதுதான் மேடை. திருச்சி எடமலைப்பட்டி புதூரில், மதுரை சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருமுனையில் ஏழு மணிக்குக் கூட்டம் என்றார்கள். சவுண்ட் சர்வீஸ் பையன் மைக்கைத் தட்டிப் பார்த்து முடிக்கவே ஏழே முக்கால் ஆகிவிட்டது. பஞ்சப்பூரில் 2025இல் புதிய பேருந்து முனையம் திறந்தபின் இந்தப் பக்கம் போக்குவரத்து கூடிவிட்டது; ஏர் ஹாரன் அலறும்போதெல்லாம் பேச்சாளர் நிறுத்திவிட்டுத்தான் தொடர வேண்டியிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சின்ன நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் உளவுப் பிரிவுக் காவலர் என்பது டீ மாஸ்டர் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கட்சியின் பெயர் வேண்டாம். மரபு, குடும்பம், கோயில் என்று பேசுகிற கட்சி. இரண்டாவதாகப் பேசியவர் கெட்டிக்காரர். வசை இல்லை, கத்தல் இல்லை. வீட்டுக்குள் அரசாங்கம் எதற்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது, ஆனாலும் உட்கார்ந்து கேட்க வைத்தார். "பொண்ணுக்குச் சொத்துல பங்குன்னு சட்டம் போட்டாங்க. இன்னிக்கு அண்ணனும் தங்கச்சியும் கோர்ட் வராந்தாவுல நிக்கிறாங்க" என்று நிறுத்தினார். கைதட்டல் வந்தது. அது அடங்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கோர்ட்டுக்கு இழுத்தது சட்டமா, அண்ணனா?"

அறுபது வயதைத் தாண்டிய அம்மா. மடியில் காய்கறிப் பை. துண்டு போட்ட இளைஞர்கள் இரண்டு பேர் அவரை நோக்கி நகர்ந்தார்கள். "யாரும்மா அனுப்புனது? எந்தக் கட்சி நீங்க?" பேச்சாளர் மேலிருந்தே கையமர்த்தினார்: "தம்பி, விடுங்க. அம்மா கேக்கட்டும். கடைசியில கேளுங்கம்மா, பதில் சொல்றேன்." அந்தக் கையமர்த்தலுக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடைசி வரவேயில்லை. நன்றியுரை, சால்வை, நாட்டுப்பண். ஒன்பதரைக்கு மைக் வயரைச் சுருட்டிவிட்டார்கள்.

வெளியே வந்த அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "எனக்கு எண்பத்தாறுல கல்யாணம் சார். சட்டம் எண்பத்தொம்பதுல. அப்புறம் டில்லியில சட்டம் போட்டப்போ, அஞ்சு வருசம் முந்தியே அண்ணனுங்க பாகம் பிரிச்சுப் பத்திரம் போட்டாச்சு." அவர் சொன்ன கணக்கு சரி. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. மேடையில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்குமா? கேட்டிருந்தால்தானே தெரியும்.

அந்த 1989 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. இடஒதுக்கீட்டைக் குறை சொல்கிறது என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. கதை, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலியுடையது. படம் ஓடினால் கலவரம் வரும் என்றது அரசு. ஆர்ப்பாட்ட மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்க முடியாது, கருத்தைக் காப்பதுதான் அரசின் கடமை என்று மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இடஒதுக்கீட்டின் பக்கம் நிற்கிற நானும் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். பழமை பேசுகிறவர் எல்லோரும் சம உரிமைக்கு எதிரி என்ற வார்ப்பும் சரியில்லை. குலக்கல்வி என்று இகழப்பட்ட திட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜிதான் 1939இல் கோயில் நுழைவுச் சட்டத்தையும் கொண்டுவந்தார்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போனேன். ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிலை அவர் முதுகுப் பக்கம். 2006 டிசம்பர் 7 அன்று, திறப்பதற்கு முன்பே இங்கே சிலையை உடைத்தார்கள். அதே மாதம் திறப்பு விழாவும் நடந்தது. 2023 நவம்பரில் இதே ஊரில் பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, தாங்கள் ஆட்சிக்கு வந்தால் கோயில்களுக்கு வெளியே உள்ள இத்தகைய சிலைகளை அகற்றுவோம் என்று பேசினார். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. அதற்காக அதை 2006இன் சம்மட்டியோடு சேர்த்துக் கட்டவும் மாட்டேன். மேடையில் சொன்னதை மேடையிலேயே மறுக்கலாம், வாக்குச்சீட்டில் தோற்கடிக்கலாம்; உடைப்பவனிடம் அந்த வாய்ப்பு இல்லை. பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கடவுளைப் பற்றிக் கருத்துச் சொல்ல மனுதாரருக்கு உரிமை உண்டென்றால், மறுக்கிறவருக்கும் உண்டு.

பெரியார் கூட்டங்களில் கல், சாணி, செருப்பு எல்லாம் விழுந்திருக்கின்றன. அப்படியும் கேட்பவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பதில் தருவது அவர் வழக்கமாக இருந்தது. இன்று அவர் பெயரைச் சொல்லும் மேடைகளிலும் அந்தப் பழக்கத்தை நான் பார்ப்பதில்லை. அங்கேயும் சால்வைதான், நன்றியுரைதான்.

தெருவில் கூட்டம் போடும் உரிமையை ஒழுங்குபடுத்தலாமே தவிர, அதிகாரியின் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று 1972இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க வந்தவருக்கும் ஓர் உரிமை இருக்கிறதே, அதற்கு எந்தக் காவல் நிலையத்திலும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை, மேடைக்காரர்கள் மனசு வைத்தால் போதும். எந்தக் கட்சியானாலும் சரி, அடுத்த முறை நோட்டீஸ் அடிக்கும்போது நன்றியுரைக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: கேள்வி நேரம், பதினைந்து நிமிடம். கூட்டத்துக்குப் போகிறவர்களும் சட்டைப்பையில் ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் வைத்துக்கொண்டு போங்கள்.