இல்லச் சட்டை

இலவசக் கல்வி எத்துணை இலவசமானது என்பதைக் காண விரும்புவோர், ஆண்டின் முதல் மாதங்களில் வன்னிக் கிராமப் பாடசாலை ஒன்றுக்கு வருதல் வேண்டும். அது இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் கல்விக் கட்டணம் ஒழிந்தது. 1993 இல் சீருடைத் துணியை அரசாங்கமே வழங்கத் தொடங்கியது. ஆயினும் இல்லத்தின் நிறத்தில் ஒரு ரீசேட் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, மைதானம் சொல்லுகிறது. சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாய் அணிநடை நிகழும் நாளிலே சில பிள்ளைகள் "காய்ச்சல்" என்று வீட்டில் நின்றுவிடுவர். அது என்ன காய்ச்சல் என்பதை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம்.

பெரியவர்களின் ரீசேட்டுகளுக்கோ இங்கு பஞ்சமில்லை. இரத்ததான முகாம், கழகச் சுற்றுப்போட்டி, தேர்தல் என எதற்கும் ஒன்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அவை ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கின்றன. 2009 இல் செட்டிகுளத்து முகாம்களுக்கு நிவாரணமாய் வந்த உடைகளுக்குள்ளே சிறுவர்கள் முழங்கால் மறைய நின்ற கோலத்தைக் கண்டவர் மறக்கமாட்டார். நாமும் அப்படி நின்றவர்களே. மெனிக் பாம் 2012 இல் மூடப்பட்டது; அளவில்லாத சட்டை எம்முடன் ஊருக்கு வந்துவிட்டது.

அச்சட்டைகளைப் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைப்பதற்காகவே, மூன்று நூல் ஓவர்லொக் இயந்திரம் ஒன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கி எமது விறாந்தையில் வைத்தோம். இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓரத்தில் எமது வீடு. அயலிலுள்ள அக்கா ஒருவர் மாலையில் வந்து உடன் தைக்கிறார்.

ரீசேட்டுத் துணி பின்னல் துணி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சாதாரண இயந்திரத்தின் நேர்த்தையல் அப்படி நீளாது. பிள்ளை அவசரமாய்த் தலையை நுழைத்ததும் நூல் அறும். ஓவர்லொக்கில் இரண்டு லூப்பர்கள் துணியின் விளிம்பைச் சுற்றி நூலை வளையம் வளையமாய்க் கோக்க, ஊசிநூல் அவற்றைப் பிணிக்கிறது. ஆகவே தையலும் துணியோடு நீளும். ஊசிக்கு முன்னாலுள்ள கத்தி விளிம்பைச் சீவிக்கொண்டே போகும். சீவிய துணி மீளாது. சோக்குக் கோட்டை இரண்டு முறை பார்த்த பின்னரே மிதியில் கால் வைப்போம். (அமெரிக்காவின் கனெற்றிக்கற்றில் மெரோ குடும்பத்தாரின் வெடிமருந்து ஆலை வெடித்து அழிந்தபின், 1838 இல் அவர்கள் பின்னலாடை ஆலை ஒன்றை நிறுவினர். ஓவர்லொக் அந்த ஆலையின் வழிவந்தது. வெடிமருந்தின் இடத்திலே பின்னல் தோன்றிய செய்தி எமக்கு ஏனோ பிடித்திருக்கிறது.)

பிள்ளைக்குப் பொருந்தும் பழஞ்சட்டை ஒன்றைப் பெரிய சட்டையின்மேல் பரப்பி, இரண்டின் கீழ்மடிப்பையும் ஒன்றாய்ச் சேர்க்க வேண்டும். மிகுதியைத் தோளிலும் பக்கங்களிலுமே வெட்டுவோம். கீழ்மடிப்பைப் புதிதாய்த் தைக்க வேறோர் இயந்திரம் வேண்டும். அது எம்மிடம் இல்லை. கையிலும் நுனி மடிப்பைக் காத்து மேற்புறத்தையே குறைப்போம். கழுத்துத்தான் தொல்லை. பட்டியைப் பிரித்து, நீளம் குறைத்து, மெல்ல இழுத்துப் பிடித்தபடி பொருத்த வேண்டும். இழுவை கூடினால் சுருக்கு விழும். குறைந்தால் கழுத்து வாய் பிளக்கும். தேர்தற் சின்னம் உள்ளவற்றை உட்புறம் வெளியே வரத் திருப்பித் தைக்கிறோம். மடிப்பு வெளியே தெரியும், தெரியட்டும்.

"வாற வருசமும் போடவேணும் ரீச்சர், கொஞ்சம் பெருசா விடுங்கோ" என்று தாய்மார் கேட்பர். இரண்டு விரல் அகலம் கூட்டி விடுவோம்.

இனி அக்காவைப் பற்றி. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தொடங்கிய வேலைமுறை இவ்வாறு வன்னிக்கும் வந்தது. நாட்டின் பொருள் ஏற்றுமதி வருவாயில் சுமார் 40 வீதம் ஆடைகளால் வருகிறது. அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் அக்கா ஆறு ஆண்டுகள் இருந்தார். ஆறு ஆண்டும் அவருக்கு ஒரே வேலை, வலது கையைப் பொருத்துவது. இடது கை அடுத்த மேசைக்காரிக்கு.

"எத்தனை ஆயிரம் கை பொருத்தியிருப்பன் ரீச்சர், ஒரு சட்டையின்ர கழுத்தைத் தொட்டதில்லை" என்றார்.

1776 இல் அடம் சிமித், குண்டூசி செய்யும் வேலை 18 கூறுகளாய்ப் பிரிந்ததால் உற்பத்தி பெருகியதை வியந்து எழுதினார். வாழ்நாளெல்லாம் ஓரிரு எளிய செயல்களையே செய்பவனின் அறிவு மழுங்கிப் போகும் என்று அந்நூலின் பிற்பகுதியில் எழுதியவரும் அவரே. முன்னையதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். பின்னையதை மாணவர் தாமே தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அக்காவின் அறிவு மழுங்கவில்லை. அதற்கு இடந்தான் கொடுக்கப்படவில்லை. முதற் கழுத்தை மூன்று முறை பிரித்தார். நான்காம் முறை அது படிந்து அமைந்தபோது, சட்டையை விரித்துத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையின் பொருத்தை மட்டும் அவர் பார்க்கவேயில்லை.

அவருக்குக் கூலி உண்டு. சட்டைக்கு இவ்வளவு என்று நாம் சில ஆசிரியர்கள் சேர்ந்து கொடுக்கிறோம். ஏழைப் பிள்ளைக்காக என்று சொல்லி ஏழைப் பெண்ணிடம் இலவச உழைப்பு வாங்குவதை நாம் தருமம் என்று ஏற்கமாட்டோம்.

இப்போது புதியதொரு யோசனை எழுந்திருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் எல்லோரும் ஒரே கடையில் இலச்சினையும் பெயரும் அச்சிட்ட புதுச் சட்டையே வாங்க வேண்டும். அப்போதுதான் அணிநடை பார்வைக்கு நன்றாயிருக்குமாம். 2022 இன் விலையேற்றத்தோடு மதிய உணவையே குறைத்துக்கொண்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுகிறார்கள். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு மூன்று சட்டைகள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூடுகிறது. நாம் எதிர்த்துப் பேச இருக்கிறோம். அக்காவின் மகள் ஏழாம் வகுப்பில் இருப்பதால் அவரும் சங்க உறுப்பினர். இதுவரை கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. இம்முறை பையில் ஒரு மஞ்சட் சட்டை கொண்டு வருகிறாராம்.